ஹெலன் தன் ஓவியத்தில் பொய்ப்பெயர் எழுதுவது ஏன்?

இளவெயில் (கேள்வி):
எங்கள் வாசிப்புக் குழுவில் ஆன் ப்ரான்ட்டியின் 'த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) போய்க்கொண்டிருக்கிறது. குடிகாரக் கணவனை விட்டு மகனோடு வந்துவிட்ட ஹெலன், தான் வரைந்த படத்துக்கு வேறு ஊர்ப்பெயர் வைக்கிறாள், பொய்யான முதலெழுத்துகளைப் போட்டு லண்டனுக்கு விற்க அனுப்புகிறாள். இது வெறும் மர்மச் சுவைக்காகத்தான் என்கிறார்கள் பலர். அப்படித்தானா?

ஏட்டுச்சுவடி:
இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆளுமையே கிடையாது. கைப்பணம், நகை, உழைத்த கூலி எல்லாம் கணவனுக்குச் சொந்தம். படம் விற்ற காசையும் அவன் உரிமையோடு வாங்கிப் போகலாம். சம்பாத்தியம் மனைவிக்கே என்ற சட்டம் 1870-இல்தான் வந்தது, மற்ற சொத்துகளுக்கு 1882-இல்.

பணத்தைவிடப் பெரிய பயம், மகனைக் கணவன் பறித்துக்கொள்வானோ என்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய் நீதிமன்றம் போகலாம் என்று 1839-இல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் ஹெலன் தப்புவது 1827-இல்! வெளியான ஆண்டைப் பார்க்காதீர்கள், கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். அவளுக்கு அந்த வாசலும் இல்லை, ஒளிந்து வாழ்வது ஒன்றே வழி.

அவளுடைய நாட்குறிப்பைப் படித்த கணவன் முதலில் செய்வது என்ன? சாவியைப் பிடுங்கி, வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான். அவள் பிழைக்க இருந்த ஒரே தொழிலை எரிக்கிறான். அந்தப் பக்கங்களைக் குழுவில் உரக்க வாசியுங்கள்.

மணிமிடை:
ஒரு திருத்தம். எல்லா மனைவியும் வெறுங்கையோடு இல்லை. வசதியான குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பணத்தை டிரஸ்டிகள் கையில் வைத்துவிடும். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவலில் நாயகி டொரோத்தியாவுக்குப் பெற்றோர் வழியில் ஆண்டுக்கு 700 பவுண்டு வருகிறது. வில் என்ற இளைஞனை மணந்தால் தன் சொத்து கிடையாது என்று கணவர் கசாபன் உயிலில் சேர்த்து எழுதியபிறகும் அந்த 700-ஐ அவரால் தொட முடியவில்லை. அவள் வில்லோடு போக முடிந்ததற்கு அந்தத் தொகையும் காரணம்.

ஏட்டுச்சுவடி:
சரியாகச் சொன்னீர்கள். ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவல் 'மதாம் பொவாரி'யையும் பக்கத்தில் வைக்கலாம். அன்றைய பிரான்சின் நெப்போலியன் சட்டத்தில் கணவன் சம்மதமில்லாமல் மனைவி சொத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. அதனால்தான் நாயகி எம்மாவுக்குக் கணவன் சார்லஸிடமிருந்து பவர் பத்திரம் தேவைப்படுகிறது. மாமியார் அதை நெருப்பில் போடுகிறாள், சார்லஸ் மறுபடியும் எழுதிக் கொடுக்கிறான். அவளை ஊதாரி என்று முடித்துவிடுகிறவர்கள் இந்தப் பத்திரத்தைக் கவனிப்பதில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் கணவன் பெயரில் கடன்படும் அதிகாரம்தான், கடன் கொடுக்கும் வியாபாரி லெரோ குறிவைத்ததும் அதைத்தான்.

இளவெயில்:
நன்றி. அடுத்து டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'. சட்டத்தை வைத்துப் படிக்கும் இதே முறை அதற்கும் சரிவருமா?

மணிமிடை:
வரும், ஆனால் அன்றைய ரஷ்யாவில் நிலைமை தலைகீழ். அங்கே மனைவி தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம். தனியாக வசிக்கத்தான் கணவன் அனுமதித்த பாஸ்போர்ட் வேண்டும். விவாகரத்து திருச்சபையின் கையில், அதுவும் தவறு செய்தவர் என்று தீர்ப்பானவர் மறுமணம் செய்ய முடியாது. எனவே யார் பெயரில் பணம் என்று தேடாமல், மகன் செர்யோஷா யாரிடம் இருக்கிறான், யார் குற்றத்தை ஏற்க வேண்டும் என்பதில் தொடங்குங்கள். அன்னாவின் கணவர் கரேனின் வக்கீலைப் பார்க்கப் போகும் அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள்.