தேக்கடி ஏரிக்கு நடந்து போனவர்கள்

எனக்குச் சொந்த ஊர் கம்பம். ஜூன் மாதம் தேக்கடி ஷட்டரைத் திறந்தால்தான் எங்கள் வயலில் முதல் போகம். முல்லைப் பெரியாறு அணை இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்க்காமல் அப்பா காபியைக் கையில் எடுக்க மாட்டார். 142ஐத் தொட்டால் வீட்டில் பண்டிகை மாதிரி. இத்தனைக்கும் ஏலக்காய் வாங்கக் குமுளி வரை போவோமே தவிர, அந்த ஏரிக்கரையில் நான் போய் நின்றது 41 வயதில்தான். அதுவும் சென்னையிலிருந்து வந்த மச்சான் இழுத்துக்கொண்டு போனதால்.

படகு வேண்டாம், வனத்துறை ஆளோடு நடந்தே போகலாம் என்றான் மச்சான். மூன்று மணி நேர நடை. எங்களுக்கு வந்த வழிகாட்டி மன்னான் பழங்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. பேச்சும் நம் தமிழ்தான், நடுநடுவே மலையாளம் தட்டும். மச்சானின் சிவப்பு டீ-சர்ட்டை ஒரு பார்வை பார்த்தார். பையிலிருந்து பழைய காக்கிச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். “இத மேல போட்டுக்கங்க சார்.” அந்தச் சட்டையின் வியர்வை வாடையைப் பற்றி மச்சான் இன்றுவரை புலம்புகிறான்.

அடுத்தது ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்க ஓர் உறை. முழங்கால் வரை வரும் துணிப்பை. அதைப் போட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் ஷூ. மேலே மூக்குப்பொடி வேறு தூவிவிட்டார். மூங்கில் தெப்பத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே அக்கரை சேர்ந்தோம்.

யானையைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பாதையில் சாணம் கிடந்தது. வழிகாட்டி குனிந்து புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். எங்களை வைக்கச் சொல்லவில்லை, ஆனால் நானும் வைத்தேன். இறக்கி வைத்த சோற்றுப்பானை மாதிரி சூடு. அவர் ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் மெதுவாக விட்டார். அது எங்கள் முகத்தைப் பார்த்துப் பறந்தது. “நல்லது, நம்ம வாடை அதுக்குப் போகாது” என்றார், உதடு அசையாமல்.

அப்போதுதான் மூங்கில் முறியும் சத்தம். வெடி போட்டது போல ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. இருபது முப்பது அடிக்குள் இருக்க வேண்டும், ஆனால் இலையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்புறம் தூரத்தில் லாரி ஏற்றத்தில் திணறுவது போல அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். இங்கே எங்கே ரோடு என்று யோசித்த பிறகுதான் உறைத்தது. கால் தானாக நடுங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. இருபது நிமிடம் ஒரு மரத்தின் பின்னால் நின்றோம். அந்த நேரம் பார்த்து என் ஷூ முனையில் ஓர் அட்டை எழுந்து நின்று, தலையைக் காற்றில் ஆட்டி ஆட்டி என்னைத் தேடுகிறது. குனியவும் பயம், விடவும் பயம்.

சுற்றுப்பாதையில் கூட்டிப்போனார். மரங்கள் விலகின, ஏரி. தண்ணீருக்குள் கறுத்த மொட்டை மரங்கள். 1895-ல் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது முங்கிய காடு இது. இன்னும் விழாமல் நிற்கிறது, உச்சிக்கு உச்சி நீர்க்காகம். எதிர்க்கரையில் ஏழெட்டுக் காட்டுமாடுகள், காலில் வெள்ளை சாக்ஸ் போட்டாற்போல. மச்சான் அவற்றை ஜூம் பண்ணிக்கொண்டிருந்தான். நான் ஓரத்தில் குந்தித் தண்ணீரில் கையை விட்டேன். இதுதானே மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி, லோயர் கேம்ப்பில் கரண்ட் எடுத்து, எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது! வயலில் காலை வைத்தால் செம்மண் கலரில் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே ஐஸ்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். சிக்னல் கிடைக்கவில்லை.

*

அண்ணே, அட்டையைப் பாதியில் விட்டுட்டீங்களே! நான் போனது ஆகஸ்ட் மழையில். உறையெல்லாம் கட்டித்தான் போனேன். ஆனால் இலையில் இருந்தது கழுத்துக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை. கடிக்கும்போது வலிக்கவே வலிக்காது. விடுதிக்கு வந்து துப்பட்டாவை எடுத்தால் ஒரே ரத்தம், என் வீட்டுக்காரர் அலறிவிட்டார். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் அட்டை போன பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நகத்தால் அதன் வாயை நெம்பி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். அரிப்புதான் ஒரு வாரம் படுத்திவிடும். துப்பட்டா கறை போகவில்லை.

*

நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். இரண்டு தடவையும் யானை இல்லை, சத்தம்கூட இல்லை. முதல் தடவை மலை அணில் ஒன்று பலாப்பழத்தைக் குடைந்து தின்றதைப் பார்த்ததோடு சரி.

இரண்டாவது தடவை கரையோரம் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரிக்கப் போனேன், வழிகாட்டி தோளைத் தொட்டார். பட்டுப்போன மரத்தின் அடியில் நான்கு நீர்நாய்கள். ஒன்று நம் முழங்கை நீள மீனைத் தண்ணீரிலிருந்து இழுத்து வந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. நறுக் நறுக்கென்று எலும்பு கடிபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மற்ற மூன்றும் பங்கு கேட்டுக் கீச்சுக் கீச்சென்று சண்டை. அந்த நேரம் பெரிய படகு ஒன்று நிறைய ஆட்களோடு கடந்து போனது. படகே எதிர்க்கரைப் பக்கம் திரும்பி யானை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.