விடுதியின் பின்படிக்கட்டை இரவில் பூட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் நாலு மாடிக் கல்லூரி விடுதி. திருட்டுப் பயத்தால் பின்படிக்கட்டுக் கதவை இரவில் பூட்டுகிறோம். சாவி வாட்ச்மேனிடம். தீப்பிடித்தால் இது போதுமா?

பதில்: போதவே போதாது சார். புகை சூழ்ந்தபின் சாவியோடு யாரும் மேலே வர முடியாது. கதவின் குறுக்கே பேனிக் பார் என்ற தள்ளுகம்பி போடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. கடல் காற்றில் துருவேறி இறுகும், அதனால் மாதாமாதம் தள்ளிப் பார்த்து எண்ணெய் விடுங்கள்.

பதில்: மாடிதோறும் படிக்கட்டுக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைக்கிறார்களா பாருங்கள். அது இன்னும் ஆபத்து. கீழே தீப்பிடித்தால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். கதவு தானாக மூட வேண்டும். படிக்கு அடியில் பைக், பழைய மெத்தை கூடவே கூடாது.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். தீ ஒத்திகை எப்படி?

பதில்: இரவில் வையுங்கள், லிப்ட் இல்லாமல். வெளியே அறைவாரியாகத் தலை எண்ணுங்கள். இறங்க முடியாதவர் கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, தீயணைப்பு எண் 101-க்கு அழைத்து அறை எண்ணைச் சொல்லி, ஜன்னலருகே நிற்கட்டும்.