என்ஜாம்ப்மென்ட்: ‘அடியோட்டம்’ வேண்டாம், ‘அடிகடப்பு’

> ஓரடியில் முடியாத தொடர் அடுத்த அடிக்குள் ஓடுகிறது. ‘அடியோட்டம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் இந்த ஓட்டத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘என்ஜாம்ப்மென்ட்’ என்கிறார்கள். அதற்கு ‘அடியோட்டம்’ ஒத்துவராது. ‘கவிதையின் அடியோட்டமான சோகம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். மேலே தெரியாமல் உள்ளே ஓடுவது என்ற பொருள் அதற்கு ஊறிப்போய்விட்டது. ‘அடிமறி’யும் ஆகாது. அடிகளை இடம்மாற்றினாலும் பொருள் கெடாத பாட்டுக்கு உரிய பெயர் அது. நாம் தேடுவது அதற்கு நேர்மாறு. ‘அடிகடப்பு’ என்பது என் பரிந்துரை. ‘அடி கடக்கிறது’, ‘அடிகடந்த தொடர்’ என்று வளைந்துகொடுக்கும். தொடர் அடியோடு முடிந்தால் எதிர்ச்சொல் ‘அடிநிறைவு’.

பெயரைவிட எல்லைதான் சிக்கல். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வரும். முற்றுப்பெறாத அடியையெல்லாம் சேர்த்துக்கொண்டால் பாதிப் பாட்டு அடிகடப்பாகிவிடும், சொல்லுக்குப் பயனே இராது. அடியின் கடைசிச் சொல்லில் நிறுத்திப் படித்துப் பாருங்கள்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

‘கற்றபின்’ வினையெச்சம். அங்கே மூச்சுவிடலாம், பொருள் நொறுங்காது. இதைச் சேர்க்க வேண்டாம்.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

‘ஆதிபகவன்’ என்ற தொகையின் நடுவிலேயே அடி முடிகிறது. ‘ஆதி’யில் நின்றால் தொடர் அந்தரத்தில் தொங்கும். இதுதான் அடிகடப்பு. பெயரெச்சம் ஓரடியிலும் அது தழுவும் பெயர் அடுத்த அடியிலும் நின்றாலும் அப்படியே.

இந்தக் குறளில் ஓசை செய்யும் வேலையையும் வரையறையில் சொல்லியாக வேண்டும். அடியிறுதியில் ஒலி ஒன்றும் இயைபை நம்பும் பாட்டில் தொடர் நில்லாமல் ஓடினால் இயைபு மங்கும். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் நம் எதுகையோ அடியின் தலையில் விழுகிறது. கடந்து வரும் ‘பகவன்’ அப்படியே ‘அகர’வுக்கு எதுகையாகி அழுத்தம் பெறுகிறது. சீரையும் சீரையும் பிணைக்கும் தளையும் அறவில்லை: ‘ஆதி’ தேமா, ‘பகவன்’ நிரையில் தொடங்குகிறது, மாமுன் நிரை, வெண்பாவுக்கு உரிய தளைதான். தொடரும் தளையும் காதை முன்னே இழுக்க, எதுகை மட்டும் புது அடி தொடங்கியதை உணர்த்துகிறது.

> வகையுளியும் இதுவும் ஒன்றுதானே? புதுக்கவிதைக்கு ‘அடி’ பொருந்துமா?

வகையுளி சீருக்காகச் சொல்லைப் பிளப்பது, பெரும்பாலும் ஓரடிக்குள்ளேயே நடக்கும். அடிகடப்பில் சொல் முழுதாக நிற்கலாம், தொடர்தான் முறிகிறது. புதுக்கவிதையில் சீரும் தளையும் இல்லாததால் வரி முறியும் இடமே கவிஞர் கையில் இருக்கும் முக்கிய நிறுத்தம். அங்கே இந்தச் சொல் இன்னும் அதிகம் தேவைப்படும். ‘வரிகடப்பு’ என்று தனியாக ஒன்று வைத்தால் ஒரே உத்திக்கு இரண்டு பெயராகும், ‘அடி’யையே வைத்துக்கொள்வோம்.