கெனால் வங்கி நூறு டாலர் தாள்: கையொப்பம் பிற்காலத்ததா?

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கெனால் வங்கிக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சிடப்பட்ட நூறு டாலர் தாள் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். அதன் மதிப்பைக் கணிக்க முடியவில்லை. இவ்வங்கியின் தாள்கள் பெரும்பாலும் தேதியும் வரிசை எண்ணும் கையொப்பமும் நிரப்பப்படாத, புழக்கத்துக்கு விடப்படாத மிச்சத் தாள்களாகவே எளிதில் கிடைக்கின்றன. என்னுடையதிலோ மூன்றும் எழுதப்பட்டுள்ளன. வெற்றுத் தாளைப் புழங்கியதாகக் காட்டப் பின்னாளில் எவரேனும் நிரப்பியிருந்தால் மதிப்பு குறையும்.

உருப்பெருக்கியில் செதுக்கச்சுக் கோடுகள் (செதுக்கிய உலோகத் தகட்டால் அச்சிட்டவை) கூர்மையாகத் தெரிகின்றன. புற ஊதா ஒளியில், இக்காலத் தாள் போல அது ஒளிரவில்லை. ஆகவே ஐயம் தாளின் மேல் அன்று, மையின் மேல்தான்: அது அக்கால மை போலப் பழுப்பேறாமல் நீலக்கருமையாக இருக்கிறது, பின்புறம் ஊறவுமில்லை. ஒரே மடிப்பு, ஓர் ஊசித்துளை, கிழிசல் இல்லை (புழங்கிய தாளுக்கு இது மிகையான தூய்மை). கழுவினால் மதிப்பு கெடும் என்பதால் நீர் படவிடவில்லை.

தாளுக்குச் சேதமின்றி, இந்த எழுத்து அக்காலத்ததா பிற்காலத்ததா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது?