ரங்கூன் மேரி மாதா பேராலயம்: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?

மோல்மேன் தம்பி:
டிசம்பர் முதல் வாரம் அஞ்சு பேர் ரங்கூன் வர்றோம். மேரி மாதா கோவிலுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருக்கோம். டாக்ஸியில் என்ன சொல்லி ஏறணும்? உள்ளே படம் எடுக்க விடுவாங்களா? பழைய வண்ணக் கண்ணாடிகள் இன்னும் இருக்கா?

பொட்டத்தாவ் அண்ணன்:
தம்பி, வெறுமனே சர்ச்சுங்கிறதுக்கான பர்மியச் சொல் "பயாஜவுங்"னு சொல்லி ஏறாதீங்க. போஜோக் ரோட்டிலேயே செங்கல்லில் கட்டின பேராலயம் ரெண்டு இருக்கு. ஸ்காட் மார்க்கெட் பக்கம் இருக்கிறது ஆங்கிலிக்கன் சபையோட ஹோலி டிரினிட்டி. நம்ம சென்னை செனட் ஹவுஸைக் கட்டின சிஷோம் வரைந்தது. நீங்க தேடுறது அங்கிருந்து கிழக்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர். "போ ஆங் ஜோ லான், போஜோக் லான் முக்கு, கத்தோலிக்"னு மூணையும் சேர்த்துச் சொல்லுங்க; லான்னா தெரு. கிராப் டாக்ஸி ஆப்பில் போட்டாலும் மேப்பில் முள் எந்தத் தெருவில் நிற்குதுன்னு பார்த்துட்டு அழுத்துங்க. இறங்கினதும் முகப்பைப் பாருங்க: ரெட்டைக் கோபுரம்னா சரியான இடம்.

தட்டோன் அக்கா:
கண்ணாடிக்காக மட்டும் போனா ஏமாற்றமா இருக்கும். 1944 டிசம்பர் 14-ல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் பழைய கண்ணாடிகள் போயிடுச்சு. 2008 நர்கீஸ் புயலிலும் கண்ணாடிகள் உடைஞ்சுது. கட்டடம் மட்டும் 1930 நிலநடுக்கத்தையும் சேர்த்து எல்லாத்தையும் தாங்கி நிற்குது, அதனால கண்ணை அதில் வையுங்க. வரைந்தவர் டச்சுக்காரர் யோஸ் கைப்பர்ஸ். அப்பா பியர் கைப்பர்ஸ்தான் ஆம்ஸ்டர்டாம் ரயில் நிலையத்தை வடிவமைச்சவர். நடுவாசல் வழியா நுழைஞ்சு கடைசி பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருங்க. தூண், வளைவு, விலாவெலும்பு மாதிரி மேலேறும் கூரைக் கட்டுன்னு ஒண்ணொண்ணா அண்ணாந்து பார்த்தா, அவ்வளவு பாரமும் எப்படித் தூணுக்கு இறங்குதுன்னு கண்ணுக்கே புரியும். சுவரில் பட்டை பட்டையா நிறம் மாறுறதையும் பாருங்க; பர்மாவில் இப்படி இன்னொரு கோவில் இல்லைன்னே சொல்வேன்.

கமாயூட் வாசி:
படம் பற்றி: பூசை நடக்கும்போது வேண்டவே வேண்டாம். முடிஞ்சதும் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க, பீடத்துமேல ஏறாதீங்க. போன் ஃபிளாஷ் நாலஞ்சு மீட்டர்தான் எட்டும்; முன்னால இருக்கிற பெஞ்சு வெளுத்துப்போகும், கூரை கறுப்பாவே இருக்கும். ஃபிளாஷை அணைச்சு, போனைப் பெஞ்சு முதுகில் சாய்ச்சு, மூணு செகண்ட் டைமர் வெச்சா ஆடாம வரும். கரண்ட் போனா உள்ளே சீக்கிரம் இருட்டிடும், அதனால வெயில் ஏறின பிறகு போறது நல்லது. தோளும் முட்டியும் மூடின உடுப்பு போதும், லோஞ்சி (பர்மாக்காரங்க கட்டுற கைலி) கட்டியும் வரலாம்.

பொட்டத்தாவ் அண்ணன்:
ஒண்ணு விட்டுட்டேன். டிசம்பர் 8 அமல உற்பவ மாதா திருநாள், கோவிலோட சொந்தத் திருநாளே அதுதான். கும்பிட வர்றீங்கன்னா அன்னிக்கே வாங்க, கட்டடம் பார்க்கன்னா அந்த நாளைத் தவிருங்க. பூசை நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கலாம். அதே தெருவில் தெற்கே நடந்தா செக்ரட்டேரியட் வரும், 1947-ல் பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் சுடப்பட்ட கட்டடம். வழியில் போலீஸ், ராணுவம் நிற்கிற பக்கம் மட்டும் போனைத் தூக்காதீங்க.