இமை இறங்கியிருந்தால் அடுத்து என்ன பார்ப்பீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், திருவாரூர் மாவட்டம்:

அறுவடை சமயம். விடிகாலையில் ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல டாக்டர்" என்றார் மகன். அந்த அம்மாவோ தலையை அண்ணாந்துதான் என்னைப் பார்க்கிறார். இரண்டு இமையும் பாதி மூடிக் கிடக்க, நெற்றியைச் சுருக்கித் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

"தரையிலயாம்மா படுத்தீங்க?" ஆமாம் என்றார். உடம்பெல்லாம் தேடியும் கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் பாம்பு கடித்தால் பெரும்பாலும் இப்படித்தான். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை சரியாகவே வரும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நரம்பு தசைக்குக் கட்டளை தருகிற இடத்தை விஷம் அடைக்கிறது. முதலில் இமை, பிறகு விழி அசைவு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மேலே பார்க்கச் சொல்லி இமை ஏறுகிறதா, விழி நாலு பக்கமும் ஓடுகிறதா, ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, செவிலியர் கையில் ஆம்பு பையோடு (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) 108-இல் ஏற்றினோம். வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த விஷத்தில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். அதை மூளைச்சாவு என்று எண்ணி யாரும் கைவிடக் கூடாது. உள்ளே முழு நினைவோடு இருக்கலாம்.

கண் மருத்துவ உதவியாளர், மதுரை:

எங்களிடம் வருவது பெரும்பாலும் ஒரு பக்க இமை. சர்க்கரை உள்ள ஒரு ஐயா, கடுமையான தலைவலியோடு வந்தார். இமையை விரலால் தூக்கிப் பார்த்தால் விழி வெளிப்பக்கமும் கீழுமாக ஒதுங்கி நின்றது. இமையையும் விழியையும் அசைக்கும் மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்திருந்தது. சர்க்கரையால் வந்திருந்தால் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடும். இவருக்கு விரிந்திருந்தது. மூளை ரத்தக்குழாய் புடைத்து நரம்பை அழுத்தினால் அப்படி ஆகும், வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பினோம். அதனால் இமையைத் தூக்காமல் யாரையும் நான் விடுவதில்லை. இமை லேசாக மட்டும் இறங்கி, அந்தப் பக்கக் கண்மணி சிறுத்திருந்தால் கதை வேறு. புகைபிடிப்பவராக இருந்தால் நெஞ்சு எக்ஸ்-ரேயும் எடுக்கச் சொல்வோம், நுரையீரல் உச்சியில் கட்டி இருந்து, கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்தலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் செவிலியர்:

டாக்டர், பிரஷர் பார்க்கப் போகும் வீட்டில் ஒரு பாட்டிக்குக் காலையில் கண் நன்றாக இருக்கிறது, சாயங்காலம் இமை தொங்குகிறது. வயசுக் கோளாறு என்கிறார்கள். அப்படி விடலாமா?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:

விடாதீங்க சிஸ்டர். வயதில் தளர்ந்த இமை இவ்வளவு நேரத்துக்கு நேரம் மாறாது. இமை தொங்கும் நேரத்தில் ஐஸைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் 2 நிமிடம் வையுங்கள். 2 மி.மீ. அளவுக்கு ஏறினால் மயஸ்தீனியாவாக (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) இருக்க வாய்ப்பு அதிகம், நரம்பியல் டாக்டர் பார்க்கட்டும். சாப்பாடு தொண்டையில் நிற்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பாட்டி சொன்னால் ஐஸெல்லாம் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.