ஸ்லைடர் போட்டால் வண்டி பிழைக்குமா, சேஸிஸ் சாகுமா?

சாரல்22

வண்டி வாங்கி ஏழு மாதம் ஆகிறது. சென்ற வாரம் சைடு ஸ்டாண்டு முழுவதும் விரிவதற்குள் கையை எடுத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே இடப்பக்கம் சாய்ந்தது. துளியும் வேகம் இல்லை. ஆனாலும் இன்ஜின் கவரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், கிளட்ச் லீவரின் நுனி வளைந்துவிட்டது.

ஃபிரேம் ஸ்லைடர் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்; வண்டி விழுந்தால் முதலில் தரையில் உரசும்படி இருபக்கமும் நீட்டி நிற்கும் குமிழ். இன்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, அதே துளையில் நீளமான போல்ட்டோடு செருகும் வகை. ஃபேரிங் (பக்கங்களை மூடும் பிளாஸ்டிக் உறை) இல்லாத வண்டி, அலுமினிய சேஸிஸ். நானே மாட்டலாமா? அதற்கும் முன்னால், மாட்டத்தான் வேண்டுமா?

எண்ணெய்க்கை

மாட்டுங்கள் தம்பி. உங்களுக்கு நடந்தது போன்ற விழுகைக்கென்றே உண்டான பொருள் இது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குமிழ் பெரும்பாலும் டெல்ரின் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. தார்ச் சாலையில் உரசினால் தேயும், வழுக்கும், கவ்விப் பிடிக்காது.

நீங்களே மாட்டலாம். ஆனால் அந்த போல்ட் ஏதோ மூடியைப் பிடித்திருக்கும் திருகு அல்ல. இன்ஜினின் எடையைச் சுமந்துகொண்டிருப்பது. அடியில் ஒரு மரப்பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கியை மெதுவாக உயர்த்துங்கள். போல்ட்டைத் தளர்த்திய பிறகு விரலாலேயே சுழற்றி எடுக்க முடிந்தால் ஜாக்கி சரியான உயரத்தில் இருக்கிறது. இறுகி, மரையை அறுத்துக்கொண்டு வந்தால் உயரம் கூடவோ குறையவோ இருக்கிறது. அரை மில்லிமீட்டர் மாற்றிப் பாருங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம்.

பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே எத்தனை மரை ஏறும் என்று கணக்குப் பாருங்கள். அலுமினியத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும், 10 மி.மீ. போல்ட் என்றால் 15 மி.மீ. இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டுதான் இறுக்க வேண்டும். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவுக்கு இறுக்காதீர்கள். உராய்வு குறைந்து, போல்ட் தேவைக்கு மேல் இழுபட்டுவிடும்.

வளைவுப்பித்தன்

மாட்டும் முறை சரி அண்ணா. மாட்டச் சொல்வதுதான் சரியில்லை. தலைப்பாகை என்கிறீர்கள், அந்தத் தலைப்பாகையை ஆணி வைத்துத் தலையிலேயே அல்லவா அடித்திருக்கிறீர்கள்?

நான் பந்தய ஓடுதளத்தில் ஓட்டுகிறவன். ஒரு வளைவில் முன்சக்கரம் நழுவி விழுந்தேன். வண்டி ஸ்லைடரின் மேல் அழகாக வழுக்கிக்கொண்டே போனது, தார் முடியும் வரை. அதற்கப்பால் புல். குமிழ் மண்ணில் ஊன்றியதும் வண்டி எழும்பி இரண்டு முறை புரண்டது. டேங்க், கைப்பிடி, முன் விளக்கு எல்லாம் போயின. அவற்றைக் கூட மாற்றிவிட்டேன். போல்ட்டைக் கழற்றியபோதுதான் சேஸிஸில் இன்ஜின் பூட்டும் இடமான மவுண்டைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் அதில் மாட்டிக்கொண்டது.

கவர் உடைந்தால் கவரை மாற்றலாம். சேஸிஸ் விரிசல் விட்டால் மொத்த வண்டியையும் பிரிக்க வேண்டும். ஸ்லைடர் அடியை வாங்கிக்கொள்வதில்லை, வேறு இடத்துக்கு அனுப்புகிறது.

எண்ணெய்க்கை

உங்கள் கதையில் குற்றவாளி ஸ்லைடரா, அதன் நீளமா? சேஸிஸிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது?

வளைவுப்பித்தன்

ஒரு சாண் இருக்காது. சற்றுக் குறைவு.

எண்ணெய்க்கை

அதுதான் கேட்டேன். அது ஸ்லைடர் இல்லை, கடப்பாரை. நீளம் இரண்டு மடங்கானால் போல்ட்டை வளைக்கும் திருப்புவிசையும் இரண்டு மடங்கு. போல்ட்டின் பருமனோ வேறு கணக்கு: வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 10 மி.மீ. இருந்த இடத்தில் 12 மி.மீ. போட்டால் ஏறக்குறைய 1.7 மடங்கு. குட்டையான குமிழும் பருத்த போல்ட்டும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

வளைவுப்பித்தன்

மீதிப் பாதி அங்கேதானே இருக்கிறது! போல்ட் வளைய மறுத்தால் அடுத்து யார் வளைவது? அலுமினிய மவுண்ட். போல்ட்டைக் கெட்டியாக்கக் கெட்டியாக்கச் சேஸிஸைத்தான் பலி கொடுக்கிறீர்கள். முறிய வேண்டியது போல்ட்தான் என்று தயாரிக்கிறவர் முடிவு செய்திருந்தால் நல்லது. ஆனால் பெட்டியைப் பார்த்து அதை யார் கண்டுபிடிப்பது?

தனிப்பயணி

இருவரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? இரும்புக் குழாயில் கிராஷ் கார்டு போடுங்கள். மூன்று நான்கு இடங்களில் பிடிப்பு இருப்பதால் அடி ஒரே மவுண்டில் விழாது. வண்டி சாய்ந்தால் கால் நசுங்காமல் கொஞ்சம் இடமும் கிடைக்கும். என்னுடையது மூன்று முறை சாய்ந்திருக்கிறது, கவரில் ஒரு கோடு கூட இல்லை.

வளைவுப்பித்தன்

குழாய் வளைந்து இன்ஜின் கவரையே குத்தியதை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகச் சாய்ந்தால் நல்ல பொருள்தான். வேகத்தில் தார் முடியும் இடத்தில் அதுவும் கொக்கியாக மாட்டும்.

தனிப்பயணி

வேகத்தில் விழுந்தால் நான் வண்டியைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், என் முட்டியைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

சாரல்22

ஐயா, நான் ஓடுதளத்துக்குப் போவதில்லை. வேலைக்குப் போய் வருகிறேன், மாதம் ஒரு முறை நெடுந்தூரம். விழுந்தால் பெரும்பாலும் நின்ற இடத்தில்தான் விழுவேன் என்று தோன்றுகிறது.

இன்னொரு சந்தேகம். போல்ட்டுக்குப் பின்னால், சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில், காடி வெட்டிய வளையம் ஒன்று தெரிகிறது. அது என்ன?

எண்ணெய்க்கை

நல்ல வேளை கேட்டீர்கள். அது இடைவெளியைச் சரிக்கட்டும் வளையம். சில வண்டிகளில் மட்டும் இருக்கும். அதைத் திருப்பி, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை அடைத்த பிறகுதான் போல்ட் இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் சேஸிஸையே உள்பக்கமாக இழுப்பீர்கள். அதற்குத் தனிச் சாக்கெட் வேண்டும். அது இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டு வீட்டில் செய்ய வேண்டாம், பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

வளைவுப்பித்தன்

இந்த ஒன்றில் அண்ணாவோடு ஒத்துப்போகிறேன்.

தம்பி, நிற்கும்போது சாய்வதற்கு மட்டும் என்றால் நான் அவ்வளவு எதிர்க்கவில்லை. எண்ணெய் இருக்கும் இன்ஜின் கவர்களுக்கு மேலே இன்னொரு கவர் போடுவதைத்தான் பந்தயங்களில் செய்கிறார்கள். எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவர்கள் விழுவார்கள் என்பதற்காக. அடியை அடி படும் இடத்திலேயே வாங்கிக்கொள்வது அது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதை மாட்டினாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். வண்டியை நேராக நிமிர்த்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்டயரின் ஓரத்தை ஒட்டி, வண்டியின் நீளத்துக்குத் தரையில் ஒரு கயிறு போடுங்கள். நேரான ஒரு கம்பின் அடியைக் கயிற்றின் மேல் ஊன்றி, மேல்பக்கத்தை முதலில் வெளிப்பக்கமாக நன்றாகச் சாய்த்து, வண்டியில் ஏதாவது தொடும் வரை மெல்ல நிமிர்த்துங்கள். அந்தக் கம்புதான் தரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வை மாற்றாமல் முன்னும் பின்னும் நகர்த்தினால் எது முதலில் தரையைத் தொடும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கால்மிதி முதலில் தொடும், அது மடங்கிக்கொள்ளும். அடுத்தது எது என்பதுதான் கேள்வி. ஸ்லைடர் அடுத்ததாக இல்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

தனிப்பயணி

கம்பு வைத்தியம்! இதையும் முயன்று பார்க்கலாம்.

சாரல்22

பார்த்துவிட்டேன். அப்பா வண்டியைப் பிடித்துக்கொண்டார், துடைப்பக் கட்டையை வைத்துப் பார்த்தேன். ஸ்லைடரை இன்னும் மாட்டவில்லை. அதன் இடத்தில் குமிழை மட்டும் கையால் பிடித்துக்கொண்டேன்.

இடப்பக்கம் கால்மிதிக்கு அடுத்து ஸ்லைடர்தான் தொடுகிறது, கவருக்கு இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. வலப்பக்கம் கதையே வேறு. கிளட்ச் கவர் அவ்வளவு புடைத்து நிற்கிறது. ஸ்லைடர் இருந்தாலும் கவர்தான் முந்தும். அங்கே என்ன செய்வது?

எண்ணெய்க்கை

வலப்பக்கம் கவருக்கு மேல் கவர். வளைவுப்பித்தனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

வளைவுப்பித்தன்

இருக்கிறது. இடப்பக்கம் அந்தக் குமிழின் நடுவில் போல்ட் தலை எவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? குமிழ் தேய்ந்து போல்ட் தலை வெளியே வந்துவிட்டால் பிறகு இரும்புதான் சாலையில் உரசும். ஒரு முறை விழுந்தாலும் போல்ட்டைக் கழற்றி, கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருளாவிட்டால் தூக்கி எறியுங்கள்.

சாரல்22

பார்த்தேன், நல்ல ஆழம். சாக்கெட் கிடைக்கவில்லை, அதனால் சனிக்கிழமை பட்டறையில் விடுகிறேன். சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அது பாதி விரிந்து நின்றதில்தான் இவ்வளவும் தொடங்கியது.